கடைசியில் ஒரு சுண்டு

ஒரு குருவிடம் ஒரு சீடர் இருந்தார். குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு அறுபத்தொன்று.

குருவின் பெயர் சலோமி. மலை ஊர்ப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. சனிக்கிழமைகளில் யூகலிப்டஸ் காட்டுப் பள்ளத்தில் இருக்கும் துப்பாக்கிச் சங்கத்தில் பயிற்சி கொடுப்பார்.

சீடரின் பெயர் பொன்னுரங்கம். கேரட் கழுவும் பட்டறை வைத்திருந்தார். ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை மண்ணோடு வந்தது, எத்தனை மூட்டை சிவப்பாகப் போனது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார்.

"குருவேன்னு கூப்பிடாதீங்கண்ணா. டீச்சர் போதும்" என்று சலோமி முதல் நாளே சொல்லிவிட்டார்.

"சரி குருவே" என்றார் பொன்னுரங்கம். அதன்பின் டீச்சர் என்றே கூப்பிட்டார்.

சங்கத்தில் பதினான்கு பேர். ஏழு ஜோடி. ஜோடிக்குள் ஒருவரை எதிர்த்து ஒருவர் சுடுவார். ஆண்டுக்கு ஒரு போட்டி. குட்டை லீவர் துப்பாக்கிப் போட்டி என்று அதற்குப் பெயர். அந்தத் துப்பாக்கிக்குக் குழாய் நீளம் குறைவு. விசைக்குக் கீழே ஒரு வளையம் இருக்கும். அதுதான் லீவர். சுட்டதும் அதை முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழுந்து அடுத்த தோட்டா ஏறும்.

முப்பது தப்படி தூரத்தில் ஐந்து இரும்புத் தட்டுகள் நிற்கும். சப்பாத்தி அளவு. வெள்ளைப் பெயிண்ட் அடித்தவை. ஐந்து தோட்டா. எல்லோரும் சேர்ந்து இருபது வரை எண்ணுவார்கள். எண்ணி முடிப்பதற்குள் சுட்டு முடிக்க வேண்டும்.

இரண்டு சுற்று. முதல் சுற்றில் அவரவர் துப்பாக்கி. இரண்டாம் சுற்றில் ஜோடிகள் துப்பாக்கியை மாற்றிக்கொள்ள வேண்டும். பணக்காரத் துப்பாக்கி மட்டுமே ஜெயித்துவிடக் கூடாது என்று சங்கத்தைத் தொடங்கியவர்கள் வைத்த விதி அது.

இன்னொரு வழக்கமும் உண்டு. தோற்றவர் ஆண்டு முழுவதும் தன் ஜோடியின் ஐந்து தட்டுகளுக்கும் பெயிண்ட் அடிக்க வேண்டும். அவர் அடிக்கும்போது ஜெயித்தவர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிப்பார்.

பொன்னுரங்கத்தின் ஜோடி அவருடைய தங்கை வீட்டுக்காரர் நல்லமுத்து. பேக்கரிக்காரர். அவர் சுடும் வர்க்கியைத் தேடி மூன்று பஸ் மாறி வருகிறவர்கள் இருந்தார்கள். அவர் அப்பா விட்டுப்போன லீவர் துப்பாக்கி அவரிடம் இருந்தது. வெள்ளி வேலை செய்தது. தோளில் வைக்கும் அடிக்கட்டையில் மரத்தின் ரேகை புலித்தோல் போல ஓடும். பொன்னுரங்கத்திடம் சொந்தத் துப்பாக்கி இல்லை. சங்கத்தின் பொதுத் துப்பாக்கியில்தான் சுடுவார்.

ஒன்பது போட்டி நடந்தது. ஒன்பதிலும் பொன்னுரங்கம் தோற்றார்.

ஆண்டுக்கு நாற்பத்தெட்டு சனிக்கிழமை. மழைக்கு நான்கு கழித்தாகிவிட்டது. தட்டு ஐந்து. ஒன்பது ஆண்டு. இரண்டாயிரத்து நூற்றறுபது தட்டுகளுக்குப் பெயிண்ட் அடித்திருந்தார்.

"மச்சான், அந்த ஓரம் விட்டுப்போச்சு" என்பார் நல்லமுத்து, நாற்காலியிலிருந்து.

"தெரியுது மாப்பிள்ளை."

"கேரட்டுக்குச் சிவப்பு, தட்டுக்கு வெள்ளை. கீழே ஒரு பச்சை இருந்தா கொடியே ஏத்தலாம்."

பொன்னுரங்கம் பிரஷ்ஷை டர்பன்டைனில் முக்குவார். அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். வாழ்நாளில் ஒருமுறை அந்த நாற்காலியில் உட்கார்ந்து, மாப்பிள்ளை பெயிண்ட் அடிப்பதைப் பார்க்க வேண்டும்.

பத்தாவது ஆண்டு தை மாதம் அவருக்கு லைசென்ஸ் வந்தது. ஒரு துப்பாக்கிக்கு மட்டும்.

அடுத்த சனிக்கிழமை, நல்லமுத்து பேக்கரியில் இருந்த நேரத்தில், கோயம்புத்தூரிலிருந்து துப்பாக்கிக் கடைக்காரர் ரஹ்மத்துல்லா பாய் உரிய காகிதங்களோடு சங்கத்துக்கு வந்தார். ஒரு மேசையில் போர்வை விரித்து இரண்டு துப்பாக்கிகளை வைத்தார்.

"இது ஸ்கூட்டர் விலை" என்று ஒன்றைக் காட்டினார். "அது சின்னக் கார் விலை."

"வித்தியாசம் என்ன பாய்?"

"கையில எடுங்க. நான் சொன்னா வியாபாரம் மாதிரி இருக்கும்."

பொன்னுரங்கம் முதலில் கார் விலையை எடுத்தார். லீவரைத் தள்ளினார். வெண்ணெயில் கத்தி போவதுபோல் போனது. திரும்பி வந்ததே தெரியவில்லை. ஐந்து தோட்டா சுட்டார். ஐந்து தட்டும் விழுந்தன.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

பிறகு ஸ்கூட்டர் விலையை எடுத்தார். அடிக்கட்டை பள்ளிக்கூட பெஞ்ச் மரம்போல இருந்தது. முதல் தோட்டா போனது. லீவரைத் தள்ளி இழுத்தார். நடுவில் நின்றுகொண்டது.

"ஒண்ணுமில்லை சார்" என்றார் பாய். முகத்தில் கொஞ்சம் வெட்கம். "இதோட சுபாவம் அப்படி. லீவரை முழுசாத் தள்ளிட்டு, கடைசியில மணிக்கட்டால ஒரு சுண்டு சுண்டணும். அப்பதான் தோட்டா ஏறும். சுடுறதுல குறை இல்லை. குறி தப்பாது. அந்தச் சுண்டு மட்டும்."

பொன்னுரங்கம் பழகினார். முதல் பத்தில் ஆறு முறை நின்றது. அடுத்த பத்தில் இரண்டு. நாற்பது நிமிடம் கழித்து ஒருமுறைகூட நிற்கவில்லை.

"நான் ஒருக்கா பார்க்கட்டுமா?" என்று சலோமி வாங்கினார். மாவட்ட அளவில் பதினோரு பதக்கம் வாங்கியவர் அவர். முதல் தட்டு விழுந்தது. லீவர் நின்றது. திறந்து மூடினார். இரண்டாம் தட்டு. மறுபடி நின்றது. இருபது எண்ணி முடித்தபோது மூன்று தட்டு நின்றுகொண்டிருந்தது.

பொன்னுரங்கம் அந்த மூன்று தட்டுகளையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

பாய் டீ குடிக்கப் போனதும் சலோமியிடம் ஒரு சீட்டை நீட்டினார். கேரட் மூட்டையில் கட்டும் அட்டை.

"டீச்சர், இதைக் கொஞ்சம் பாருங்க."

"படிச்சே சொல்லுங்கண்ணா. உங்க எழுத்து எறும்பு மாதிரி இருக்கும்."

"விலை கூடினதை வாங்கினா முதல் சுற்றுல எனக்கு அஞ்சு. மாப்பிள்ளைக்கும் அஞ்சு. ரெண்டாவது சுற்றுல அது மாப்பிள்ளை கைக்குப் போயிடும். அவருக்கு மறுபடி அஞ்சு. அவருதுல எனக்கு ஒண்ணு, ரெண்டு. நான் தோத்துடறேன்."

"சரி."

"விலை குறைஞ்சதை வாங்கினா முதல் சுற்றுல எனக்குக் குறைஞ்சது நாலு வரும். ரெண்டாவது சுற்றுல அவர் கையில இது நிக்கும். சுண்டற விஷயம் அவருக்குத் தெரியாது. உங்களுக்கே ரெண்டுதான் விழுந்துச்சு. அவருக்கு ஒண்ணு விழலாம். அவர் மொத்தம் ஆறு. நான் அவருதுல மூணு எடுத்தா ஏழு."

அட்டையை மடித்தார்.

"மட்டமானதை வாங்கினாத்தான் ஜெயிப்பேன் டீச்சர். விதியில தப்பு இருக்கா?"

"இல்லைண்ணா."

"எதிராளிக்குச் சொல்லித் தரணும்னு விதி இருக்கா?"

"இல்லை."

"உங்களுக்குக் கோபமா?"

"எதுக்கு?"

பொன்னுரங்கத்துக்கு ஏமாற்றமாக இருந்தது. திட்டியிருந்தால் பதில் தயாராக வைத்திருந்தார்.

"மாப்பிள்ளையோடதுல ஏன் ஒண்ணு, ரெண்டுதான் விழுது?" என்று சலோமி கேட்டார்.

"அவ்வளவு விலையுள்ளதைத் தொட்டாலே எனக்குப் படபடப்பு. தோள் இழுத்துக்குது. ஒன்பது வருஷத்துல நாற்பத்தஞ்சு தோட்டா. பதினொண்ணு பட்டுச்சு. முப்பத்துநாலு படலை."

"எந்தப் பக்கம் போச்சு?"

"பின்னால மண்மேட்டுல புழுதி கிளம்பும் இல்லையா, அதை வச்சுச் சொல்றேன். முப்பத்தொண்ணு இடது பக்கம்."

"முப்பத்தொண்ணா?"

"மூணு மேலே."

சலோமி தலையை ஆட்டினார்.

"அப்ப எதை வாங்கட்டும் டீச்சர்? நீங்க சொல்றதுதான்."

"எதை வேணும்னாலும் வாங்குங்கண்ணா. ஆனா எதை வாங்கினாலும் சனிக்கிழமை காலைல ஏழு மணிக்கு, மத்தவங்க வர்றதுக்கு முன்னாடி வந்துடணும்."

"சுடறதுக்கா?"

"கொடுக்கறதுக்கு."

"என்ன கொடுக்கறதுக்கு?"

"துப்பாக்கியை. உங்களுக்குச் சுட வரும். கொடுக்க வரலை. பொதுத் துப்பாக்கியை அடுத்தவங்க கையில உலக்கை மாதிரி கொடுக்கறீங்க. சொந்தத்துக்கு அது ஆகாது."

பொன்னுரங்கம் ஸ்கூட்டர் விலையை வாங்கினார். பாய் போர்வையோடு மற்றதைச் சுருட்டும்போது ஒருமுறை அதைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

முதல் சனிக்கிழமை ஏழு மணிக்குப் பள்ளத்தில் பனி இறங்கியிருந்தது. தட்டுகள் தெரியவில்லை. சலோமி குல்லா போட்டுக்கொண்டு நின்றார்.

"குழாய் வானத்தைப் பார்க்கணும். லீவர் திறந்திருக்கணும். உள்ளே தோட்டா இல்லைன்னு காட்டணும். ரெண்டு கையாலயும் கொடுக்கணும். நான் 'வாங்கிட்டேன்'னு சொன்ன பிறகுதான் விடணும். கொடுங்க."

கொடுத்தார்.

"வாங்கிட்டேன்" என்றார் சலோமி. லீவரை மூடினார், திறந்தார். நின்றது. "அண்ணா, இது நிக்குதே."

"உங்களுக்குத்தான் தெரியுமே டீச்சர். கடைசியில ஒரு சுண்டு."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் இப்ப டீச்சர் இல்லை. ஊருக்குப் புதுசா வந்த தாசில்தார்."

பொன்னுரங்கம் சுற்றும் முற்றும் பார்த்தார். யாரும் இல்லை.

"அம்மா வணக்கம். லீவரை முழுசாத் தள்ளிட்டு, கடைசியில மணிக்கட்டால ஒரு சுண்டு சுண்டணுங்க."

"இப்படியா?"

"இன்னும் கொஞ்சம்."

"வந்துடுச்சு. நன்றி. இந்தாங்க. மறுபடி கொடுங்க. இப்ப நான் கல்யாணமாகி நேத்துதான் இந்த ஊருக்கு வந்த பொண்ணு."

ஒரு சனிக்கிழமைக்கு இருபது முறை கொடுக்க வேண்டும். சலோமி இருபது பேராக நின்றார். பஸ் கண்டக்டராக நின்றார். காது கேளாத பாதிரியாராக நின்றார். அப்போது பொன்னுரங்கம் சுண்டுவதைப் பற்றிக் காடு முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டியிருந்தது. கேரட் மூட்டை எடை குறைகிறது என்று சண்டைக்கு வந்த விவசாயியாக நின்றார்.

"எடை குறையலைங்க. மண்ணு குறைஞ்சிருக்கு" என்றார் பொன்னுரங்கம், துப்பாக்கியை நீட்டியபடி.

"துப்பாக்கியைப் பத்திப் பேசுங்க."

"கடைசியில ஒரு சுண்டு."

சில நாட்களில் சிரித்துச் சிரித்து இருவரும் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். அப்போதும் துப்பாக்கியின் குழாய் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு விஷயத்தைப் பொன்னுரங்கம் கவனித்தார். சலோமி மாப்பிள்ளை நல்லமுத்துவாக ஒருமுறையும் நிற்கவில்லை. அப்படி நின்றால் தான் வாயைத் திறக்கக் கூடாது என்று பொன்னுரங்கம் பல்லைக் கடித்து வைத்திருந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் காத்திருந்தார். பத்து சனிக்கிழமை. இருநூறு முறை. நிற்கவேயில்லை.

பத்து மணிக்கு மேல் நல்லமுத்து அடுப்பு வேலை முடித்து வருவார். பொன்னுரங்கம் சுடுவதை நாற்காலியிலிருந்து பார்ப்பார்.

"மச்சான், ஒவ்வொரு தடவையும் ஏன் கையை உதறுறீங்க? மீன் மாட்டிக்கிச்சா?"

"ஸ்டைல் மாப்பிள்ளை."

"ஸ்டைலுக்குச் சேர்த்து ஒரு கோட் அடிச்சுடுங்க. மூணாவது தட்டுல வெள்ளை மங்குது."

பொன்னுரங்கம் அடித்தார். இதுதான் கடைசி வருஷம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே அடித்தார்.

சித்திரை மாதம் முதல் சனிக்கிழமை போட்டி.

நல்லமுத்துவின் மனைவி அம்சவேணி வர்க்கி டின்னோடு வந்திருந்தாள். அண்ணனையும் வீட்டுக்காரரையும் பார்த்து, "ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டுச் சுடுங்க. கை நடுங்கினா என்மேல பழி வரும்" என்றாள்.

முதல் சுற்று. அவரவர் துப்பாக்கி.

நல்லமுத்து ஐந்து தோட்டா சுட்டார். எண்ணிக்கை பதினாறில் இருந்தபோதே ஐந்து தட்டும் விழுந்துவிட்டன.

பொன்னுரங்கம் சுட்டார். சுண்டினார். சுட்டார். சுண்டினார். லீவர் ஒருமுறைகூட நிற்கவில்லை. நான்கு தட்டு விழுந்தன. ஐந்தாவதில் தோட்டா ஓரத்தைத் தொட்டு ஒரு சத்தம் மட்டும் கொடுத்தது. தட்டு ஆடியது, விழவில்லை.

ஐந்துக்கு நான்கு. அட்டையில் எழுதியபடியேதான் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாம் சுற்று.

"மாத்திக்கலாம்" என்றார் சலோமி.

இருவரும் எதிரெதிரே வந்தார்கள். பன்னிரண்டு பேரும் அம்சவேணியும் சுற்றி நின்றார்கள். பொன்னுரங்கம் பல்லைக் கடித்துக்கொண்டார். குழாயை வானத்துக்கு உயர்த்தினார். லீவரைத் திறந்தார். உள்ளே தோட்டா இல்லை என்று காட்டினார். இரண்டு கையாலும் நீட்டினார்.

"வாங்கிட்டேன்" என்றார் நல்லமுத்து.

"லீவரை முழுசாத் தள்ளிட்டு, கடைசியில மணிக்கட்டால ஒரு சுண்டு சுண்டணும் மாப்பிள்ளை. இல்லைன்னா நின்னுக்கும்" என்றார் பொன்னுரங்கம்.

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. யாரோ சொன்னதுபோல இருந்தது. சலோமியைத் திரும்பிப் பார்த்தார். அவர் விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நல்லமுத்து லீவரைத் தள்ளிப் பார்த்தார். நின்றது. சுண்டிப் பார்த்தார். வந்தது. மறுபடி சுண்டாமல் பார்த்தார். நின்றது.

"ஸ்டைல்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"இதை இப்ப எதுக்கு மச்சான் சொன்னீங்க?"

"வாய் சொல்லிடுச்சு."

நல்லமுத்து தன் ஷூவைப் பார்த்தார். ஷூவில் மைதா மாவு ஒட்டியிருந்தது. பிறகு தன் வெள்ளித் துப்பாக்கியை எடுத்தார். குழாய் வானத்தைப் பார்த்தது. லீவர் திறந்திருந்தது. இரண்டு கையாலும் நீட்டினார்.

"வாங்கிட்டேன்" என்றார் பொன்னுரங்கம்.

நல்லமுத்து கையை விடவில்லை.

"மச்சான். இதுலயும் ஒண்ணு இருக்கு."

"எதுல?"

"இதுலதான். அப்பா காலத்துல ஜீப்புல இருந்து விழுந்துச்சு. குழாய் நுனியில குறி பார்க்கிற முள்ளு வளைஞ்சுபோச்சு. கண்ணுக்குத் தெரியாது. நேரா பார்த்துச் சுட்டா ஆறு விரல் இடது பக்கம் போகும். தட்டோட வலது ஓரத்துக்கு வெளியே பார்க்கணும். அப்பதான் நடுவுல விழும்."

பொன்னுரங்கம் அண்ணாந்து குழாய் நுனியைப் பார்த்தார்.

"எப்ப இருந்து?" என்றார் பொன்னுரங்கம்.

"எப்பவும்."

"நாற்பத்தஞ்சு தோட்டா மாப்பிள்ளை."

"அத்தனையா?"

"முப்பத்தொண்ணு இடது பக்கம்."

"நீங்க எண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியாது மச்சான்."

முதலில் சிரித்தவர் யார் என்று பிறகு ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். பொன்னுரங்கம்தான். துப்பாக்கி கையில் இருக்கும்போது குனியக் கூடாது என்பதால் நிமிர்ந்து நின்றபடியே சிரித்தார். கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. சலோமி வந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். அதன்பின் பொன்னுரங்கம் மண்ணில் உட்கார்ந்து சிரித்தார்.

சுற்று ஆறு நிமிடம் தாமதமாகத் தொடங்கியது.

பொன்னுரங்கம் ஒவ்வொரு தட்டுக்கும் வலது ஓரத்துக்கு வெளியே வெறும் காற்றைப் பார்த்துச் சுட்டார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஐந்து தட்டும் மணி அடித்தாற்போல விழுந்தன. எண்ணிக்கொண்டிருந்தவர்கள் பதினெட்டில் எண்ணுவதை மறந்துவிட்டார்கள்.

மொத்தம் ஒன்பது.

நல்லமுத்து பெஞ்ச் மரத் துப்பாக்கியைத் தோளில் வைத்தார். சுட்டார். சுண்டினார். சுட்டார். சுண்டினார். பேக்கரியில் ஒரு நாளைக்கு ஆயிரம் வர்க்கிக்கு மாவு மடிக்கும் மணிக்கட்டு அது. லீவர் ஒருமுறையும் நிற்கவில்லை. ஐந்து தட்டும் விழுந்தன.

மொத்தம் பத்து.

பொன்னுரங்கம் பத்தாவது முறையாகத் தோற்றார்.

அவர் எழுந்து பெயிண்ட் டப்பா இருக்கும் பக்கம் நடந்தார். சிரிப்பு இன்னும் முழுதாக நிற்கவில்லை. மூடியைத் திறக்க ஸ்குரூ டிரைவரைத் தேடினார்.

"அண்ணா, அதை வைங்க" என்றாள் அம்சவேணி.

"ஏம்மா?"

"எங்கண்ணன் நகத்துல ஒன்பது வருஷமா வெள்ளை போகலை. என் பொண்ணு கல்யாண போட்டோவுல ஆசீர்வாதம் பண்ற கை வெள்ளையா இருக்கு. சுண்ணாம்பு அடிக்கிறவரான்னு சம்பந்தி வீட்டுல கேட்டாங்க." வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். "எடுங்க பிரஷ்ஷை."

"ஜெயிச்சது நான்தானே அம்சா."

"ஆமா. ஜெயிச்சவரே அடிங்க."

நல்லமுத்து சலோமியைப் பார்த்தார். "டீச்சர், விதி என்ன சொல்லுது?"

"விதியில தோத்தவர் அடிக்கணும்னு இருக்கு" என்றார் சலோமி. "ஜெயிச்சவர் அடிக்கக் கூடாதுன்னு இல்லை."

நல்லமுத்து சட்டைக் கையை மடித்தார்.

பொன்னுரங்கம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். ஒருவர் டீ கொண்டுவந்து கொடுத்தார். அம்சவேணி வர்க்கி கொடுத்தாள். அவர் காலை நீட்டினார். உடனே நெளிந்தார். எழுந்து நாற்காலியைத் தடவிப் பார்த்தார். நடுவில் பிரம்பு ஒன்று அறுந்து முனை மேலே நின்றது.

"மாப்பிள்ளை, இது குத்துதே. ஒன்பது வருஷமா இதுலயா உட்கார்ந்திருந்தீங்க?"

"ஆமா" என்றார் நல்லமுத்து, முதல் தட்டுக்கு வெள்ளை அடித்தபடி. "அதையும் சொல்லியிருக்கணுமா?"

பொன்னுரங்கம் கொஞ்சம் இடது பக்கமாகத் தள்ளி உட்கார்ந்தார். அங்கே குத்தவில்லை.

"மாப்பிள்ளை, அந்த ஓரம் விட்டுப்போச்சு."

"தெரியுது மச்சான்."

சலோமி துப்பாக்கிகளைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டிருந்தார். பொன்னுரங்கம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இருநூறு தடவையும் இதுக்குத்தானா டீச்சர்?"

"துப்பாக்கி கொடுக்கறது எப்படின்னு பழக்கினேன்ணா. இப்ப நல்லாக் கொடுக்கறீங்க."

"மாப்பிள்ளையா மட்டும் நீங்க ஏன் நிக்கலை?"

"நிஜ மாப்பிள்ளையே வருவார்னு தெரியும். அதான்."

பொன்னுரங்கம் டீயை ஒரு வாய் குடித்தார். நல்லமுத்து இரண்டாவது தட்டுக்குப் போயிருந்தார். அவர் மூக்கு நுனியில் வெள்ளை ஒட்டியிருந்தது. யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேட்கணும். பாய்கிட்ட அந்த விலை கூடினது இன்னும் இருக்காம். நேத்து போன் பண்ணினார். இதைக் கொடுத்துட்டு மேல பணம் போட்டு அதை வாங்கிக்கலாமான்னு இருக்கு. அடுத்த வருஷம் மாப்பிள்ளைக்கும் அதுல சுட நல்லா இருக்கும். அதுல ஒரு குறையும் கிடையாது. நிக்காது, சுண்ட வேண்டாம், இடது பக்கம் போகாது. வாங்கிக்கட்டுமா?"

"தாராளமா வாங்கிக்கலாம்ணா" என்றார் சலோமி. உறையின் ஜிப்பை இழுத்து மூடினார். "அதை மாப்பிள்ளை கையில கொடுக்கும்போது என்ன சொல்லுவீங்க?"

"கடைசியில ஒரு..." என்று பழக்கத்தில் தொடங்கிய பொன்னுரங்கம் பாதியில் நிறுத்தினார். யோசித்தார். பாதி வர்க்கி கையில் இருந்தது. அதைத் தின்னவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

எதிரே நல்லமுத்து மூன்றாவது தட்டுக்குப் பெயிண்ட் அடிக்கத் தொடங்கினார்.